முடிச்சுக்குள் ஒரு வழக்கு: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் பேட்டன்ட் பற்றி எழுதும்போது போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தேன். செடிக்குள் வேற்று மரபணுவைக் கொண்டுபோய் வைக்கும் வேலையை ஒரு மண் பாக்டீரியா காலங்காலமாகச் செய்துவருகிறது, அந்த வித்தைக்கு யார் உரிமையாளர் என்று மனிதர்கள் வருடக்கணக்கில் வழக்காடினார்கள் என்று. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த முறை முழுக்க அதுதான்.

மொட்டை மாடியில் பன்னீர் ரோஜா வைத்திருக்கிறேன். தண்டும் மண்ணும் சேருமிடத்தில் எலுமிச்சை அளவில் கரடுமுரடாக ஒரு கட்டி. நர்சரிக்காரர் "உரம் ஜாஸ்தி" என்கிறார். தம்பி மகன், நீங்கள் எழுதிய பாக்டீரியா இதுதான் என்கிறான். யார் சொல்வது சரி?
– வாசகி, மடிப்பாக்கம்

என் ஓட்டு தம்பி மகனுக்கு. ஆனாலும் செடியைப் பார்க்காமல் சத்தியம் செய்ய மாட்டேன். நீங்களே பார்த்துவிடலாம்.

செடிகளில் வரும் முடிச்சு பெரும்பாலும் மூன்று வகை. வேரெல்லாம் மணி மணியாக வீங்கியிருந்தால் அது நூற்புழு. நம் ஊர்த் தொட்டிகளில் தக்காளிக்கும் கத்தரிக்கும் அது சகஜம். மொச்சை, வேர்க்கடலை வேரில் ஒட்டியிருக்கும் உருண்டையை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அது தழைச்சத்து சேர்த்துக் கொடுக்கிற ரைசோபியம், நல்லவர். மூன்றாவது, தண்டின் அடியிலோ ஒட்டுக்கட்டின இடத்திலோ வரும். முதலில் வெளுப்பாக, மெத்தென்று இருக்கும். போகப்போக மரக்கட்டை மாதிரி இறுகி, வெடித்து, பழுப்பாகிவிடும். அதுதான் கழலை நோய். காரணம் அக்ரோபாக்டீரியம் டியூமிஃபேசியன்ஸ். அமெரிக்க வேளாண்மைத் துறையில் இருந்த எர்வின் ஸ்மித்தும் சார்லஸ் டவுன்செண்டும் 1907-ல் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

இது செய்யும் காரியத்தைச் சொன்னால் கோபமும் வரும், மரியாதையும் வரும். கத்தி பட்ட இடத்தில் செடியிலிருந்து ஒரு கசிவு வரும். அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு பாக்டீரியா வந்து சேர்கிறது. தன்னிடமுள்ள ஒரு வளைய டிஎன்ஏவிலிருந்து ஒரு துண்டை மட்டும் கத்தரித்து, செடியின் செல்லுக்குள் அனுப்பி, செடியின் சொந்த மரபணுக்களுக்கு நடுவே சொருகிவிடுகிறது. அந்தத் துண்டில் இரண்டு உத்தரவுகள் இருக்கின்றன. ஒன்று, வளர்ச்சி ஹார்மோனை அள்ளி அள்ளிச் சுரக்கவேண்டும். அதனால்தான் கட்டி. இன்னொன்று, ஓபைன் என்ற ஒரு பண்டத்தைத் தயாரிக்கவேண்டும். ஓபைன் செடிக்கு உதவாது. மண்ணிலுள்ள மற்ற கிருமிகளில் பெரும்பாலானவற்றுக்கும் அதைச் சாப்பிடத் தெரியாது. இந்த பாக்டீரியாவுக்கு மட்டும் விருந்து. அடுத்த வீட்டு அடுப்பில், அடுத்த வீட்டு விறகில், தனக்கு மட்டும் பிடித்த குழம்பை வைக்கச் சொல்கிற சாமர்த்தியம்.

உங்கள் ரோஜாவுக்கு வைத்தியம் இல்லை. கட்டியைச் சீவினாலும் மறுபடி வரும், ஏனென்றால் உத்தரவு ஏற்கெனவே செல்லுக்குள் போய்விட்டது. செடியைத் தொட்டி மண்ணோடு அப்புறப்படுத்துங்கள். கத்தரிக்கோலை ப்ளீச்சிங் கரைசலில் முக்கி எடுங்கள். அந்தச் செடியிலிருந்து பதியன் எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். தொட்டதால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது.

இந்த பாக்டீரியாவையே வெளிநாட்டு கம்பெனிகள் பேட்டன்ட் செய்துவிட்டன என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், பெரம்பூர்

இல்லை. மண்ணில் கிடக்கிற பாக்டீரியாவுக்கு யாரும் பட்டா வாங்கவில்லை. கட்டி உண்டாக்கும் மரபணுக்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நமக்கு வேண்டிய மரபணுவை வைத்து அனுப்பும் முறைக்கு வாங்கினார்கள். பேட்டன்ட் விஷயத்தில் செய்தித்தாள் தலைப்பைப் படித்தால் பயம்தான் மிஞ்சும். கடைசிப் பக்கங்களில் எண் போட்டு வரும் கிளெய்ம்களை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்ற வரிகளை, படிக்கவேண்டும். வேலி எங்கே போட்டிருக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

நான் உயிரித் தொழில்நுட்பம் படிக்கிறேன். அக்ரோபாக்டீரியம் முறையைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு பெயர் சொல்கிறது. பேட்டன்ட் யாருக்குக் கிடைத்தது?
– மாணவி, தரமணி

புத்தகங்கள் பொய் சொல்லவில்லை. அந்தக் குழப்பமே வழக்காகவும் ஆனது.

பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஜெஃப் ஷெல், மார்க் வான் மான்டேகு குழு 1974-ல் அந்த வளைய டிஎன்ஏவை, அதாவது டிஐ பிளாஸ்மிடை, கண்டுபிடித்தது. அதன் ஒரு துண்டு நிஜமாகவே செடிக்குள் போய்த் தங்குகிறது என்று 1977-ல் சியாட்டிலில் மேரி-டெல் சில்டனும் சக ஆய்வாளர்களும் நிரூபித்தார்கள். இதை வண்டியாக ஓட்டலாமே என்று அப்புறம் எல்லோருக்கும் தோன்றிவிட்டது. 1983 ஜனவரியில் மியாமியில் ஒரு கருத்தரங்கு. கென்ட் குழு, அப்போது செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்த சில்டன் குழு, அமெரிக்காவின் மான்சான்டோ கம்பெனிக் குழு என்று மூன்று பேரும் ஒரே மேடையில், வேற்று மரபணுவைச் செடி செல்லுக்குள் வைத்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். பேட்டன்ட் விண்ணப்பங்களும் அந்தச் சமயத்தை ஒட்டியே போயின.

ஐரோப்பாவில் முதலில் விண்ணப்பித்தவருக்குத்தான் முன்னுரிமை. அமெரிக்காவில் அப்போது சட்டம் வேறு. முதலில் கண்டுபிடித்தவர் யார் என்று பார்ப்பார்கள். 2013 மார்ச் வரை அப்படித்தான். எனவே ஆய்வக நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்து வைத்து, எந்தத் தேதியில் யாருக்கு யோசனை வந்தது, பக்கத்தின் அடியில் சாட்சிக் கையெழுத்து இருக்கிறதா என்று விசாரணை நடக்கும். நம் ஊர் பாகப்பிரிவினை வழக்கு மாதிரிதான். மான்சான்டோவுக்கும் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சிச் சங்கத்துக்கும் (ஷெல் அங்கே போய்விட்டார்) நடந்த இழுபறி 12 வருடம் ஓடி, 2005 தொடக்கத்தில் சமரசத்தில் முடிந்தது. ஒருவர் உரிமையை ஒருவர் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அந்தச் சமரசத்தில் மாக்ஸ் பிளாங்க் பக்கம் நின்ற ஜெர்மன் கம்பெனி பேயர், 2018-ல் மான்சான்டோவையே வாங்கிவிட்டது. மாமியார் வீட்டுச் சண்டை சம்பந்தத்தில் முடிந்த கதை.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1995 ஜூனுக்கு முன்னால் போட்ட விண்ணப்பம் என்றால், பேட்டன்ட் கொடுத்த நாளிலிருந்து 17 வருடம். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து கணக்கில்லை. எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு லாபம். 1983-ல் தொடங்கிய மான்சான்டோவின் விண்ணப்ப வரிசையில் ஒன்றுக்கு 2012-ல் பேட்டன்ட் வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 2029 வரை போகிறது. 83-ல் பிறந்த குழந்தைக்கே அப்போது 46 வயது! 20 வருடக் கணக்குள்ள ஐரோப்பாவில் அதே தலைமுறை பேட்டன்ட்கள் 2000-களின் தொடக்கத்திலேயே காலாவதியாகிவிட்டன. யாருக்குக் கிடைத்தது என்பதைவிட, எந்த ஊரில் எத்தனை வருடம் என்பதுதான் சரியான கேள்வி.

உங்கள் புத்தகத்துக்கு ஒரு குறிப்பு: 2013-ல் உலக உணவுப் பரிசை வான் மான்டேகு, சில்டன், மான்சான்டோவின் ராபர்ட் ஃபிரேலி மூவருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். ஷெல் 2003-லேயே காலமாகிவிட்டார்.

நீங்கள் இந்த வேலையைக் கையால் செய்ததுண்டா, இல்லை ஃபைலில் மட்டும் பார்த்ததா?
– வாசகர், அடையாறு

குத்தலாகக் கேட்டாலும் நியாயமான கேள்வி. பேட்டன்ட் ஏஜென்ட் ஆவதற்கு முன்னால், தொண்ணூறுகளில், சென்னையில் ஒரு ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தேன். புகையிலை இலைதான் எங்கள் பரிசோதனைக் கூடம். இலையைக் கிருமி நீக்கி, ஆபீஸில் பேப்பருக்கு ஓட்டை போடுகிற பஞ்சிங் மெஷினைச் சுத்தம் செய்து வைத்துக்கொண்டு, பொட்டு பொட்டாக வெட்டுவேன். பாக்டீரியா வளர்த்த குழம்பில் சில நிமிடம் முக்கி, வடிதாளில் ஒற்றி, தட்டில் அடுக்கவேண்டும். இரண்டு நாள் இருவரையும் சேர்த்துக் குடித்தனம் வைத்துவிட்டு, மூன்றாம் நாள் செஃபோடாக்ஸைம் என்ற ஆன்டிபயாடிக் போட்டு பாக்டீரியாவைக் கொன்றுவிடுவோம். கூடவே கேனமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக். அதைத் தாங்கும் மரபணுவையும் சேர்த்துத்தான் அனுப்பியிருப்போம். மரபணு ஏறாத பொட்டுகள் வெளுத்துச் சாகும். ஏறியவற்றின் ஓரத்தில், மூன்று நாலு வாரத்தில், கடுகளவு பச்சைக் குருத்து எட்டிப் பார்க்கும். முதல் தடவை பார்த்தபோது வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

1994 அக்டோபர் கடைசியில் சென்னையைப் புயல் அடித்ததே, அப்போது கரண்ட் போய், ஏசி நின்று, தட்டுகளில் பூஞ்சை பூத்து, ஆறு வாரக் குருத்து முழுக்கக் குப்பைக்குப் போனது. அன்றைக்கு வராத அழுகை வேறொரு நாள் வந்தது. ஒரு வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து பிளாஸ்மிட் வந்தது. தபால் உறைக்குள் வடிதாள் துண்டு, அதில் பென்சிலால் ஒரு வட்டம், வட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத டிஎன்ஏ. கூடவே நாலு பக்க ஒப்பந்தம். எங்கள் பேராசிரியர் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆராய்ச்சிக்கு மட்டும், அதை வைத்து உண்டாக்கிய செடியை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. மூன்று வருட உழைப்பில் வந்த செடியைப் பக்கத்து ஊர் ஆய்வு நிலையம் கேட்டபோதுதான் அந்தப் பக்கத்தை யாரோ திறந்தார்கள். செடி கண்ணாடி அறையிலேயே கிடந்து காய்ந்தது. நான் ஒப்பந்தங்களைப் படிக்கிற தொழிலுக்கு வந்ததற்கு அந்த மூன்றாம் பக்கம்தான் காரணம்.

எங்களுக்கு ஊரில் நிலம் உண்டு. எடுத்து வைத்த விதையைப் போட்டால் பேட்டன்ட் கேஸ் வருமா?
– வாசகர், பொன்னேரி

ஐயா, நெல்லுக்குக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தைரியமாகப் போடுங்கள்.

இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970-ல் பிரிவு 3(ஜே) என்று ஒன்று உண்டு. செடி, விதை, ரகம், செடியின் எந்தப் பாகத்துக்கும் இங்கே பேட்டன்ட் கிடையாது. நுண்ணுயிர் மட்டும் விலக்கு. கிண்டி ஜி.எஸ்.டி. ரோட்டிலுள்ள பேட்டன்ட் அலுவலகத்திலிருந்து செடி சம்பந்தமான விண்ணப்பத்துக்கு முதல் பரிசோதனை அறிக்கை வந்தால், பிரிக்காமலே சொல்வேன், உள்ளே 3(ஜே) இருக்கும் என்று. அப்புறம், பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2001. அதன் 39-ஆம் பிரிவு, விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்கவும்கூட விவசாயிக்கு உரிமை தருகிறது. பிராண்ட் பெயர் போட்டுப் பாக்கெட் கட்டி விற்கக்கூடாது, அவ்வளவுதான்.

சட்டம் இருந்தால் கேஸே வராது என்றும் இல்லை. 2019-ல் குஜராத்தில் உருளைக்கிழங்கு விவசாயிகள் மேல் பெப்சிகோ வழக்குப் போட்டது. அது மரபணு மாற்றின கிழங்கும் இல்லை, பேட்டன்ட்டும் இல்லை, ரகப் பதிவு. நாடு முழுக்க சத்தம் கிளம்பியதும் வழக்கை வாபஸ் வாங்கினார்கள்.

பருத்தி கதை கொஞ்சம் சிக்கல். அக்ரோபாக்டீரியம் வழியாகப் பருத்தியில் மரபணு ஏற்றும் முறைக்கு அக்ராசிடஸ் என்ற அமெரிக்க நிறுவனம் இந்தியாவில் பேட்டன்ட் வாங்கியிருந்தது. யார் பருத்தியைத் தொட்டாலும் அவர்களிடம் போய் நிற்கவேண்டும் என்கிற அளவுக்கு அகலமான வேலி. 1994-ல் மத்திய அரசு, பொதுநலனுக்குக் கேடு என்று 66-ஆம் பிரிவின்கீழ் அதை ரத்து செய்தது. அந்தப் பிரிவை அரசு எடுத்தது ரொம்ப அபூர்வம்.

பிறகு வந்தது மான்சான்டோவின் இரண்டாம் தலைமுறை பிடி பருத்தி (காய்ப்புழுவைத் தானே கொல்லும்படி மரபணு மாற்றிய பருத்தி) பேட்டன்ட். மரபணுத் துண்டு செடிக்குள் போனபின் அது செடியின் பாகமா, தனிப் பொருளா என்பதுதான் கேள்வி. 2018 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சாட்சியம் எடுத்து முழுசாக விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பியது. அதற்குள் பேட்டன்ட் காலம் முடிந்து, கட்சிக்காரர்கள் சமரசமானார்கள். கேள்விக்கு விடை கிடைக்கவே இல்லை. என்னைக் கேட்டால், அந்தக் கேள்வியை முடித்துவைக்காமல் விட்டது விதைக்காரருக்கும் நல்லதில்லை, விவசாயிக்கும் நல்லதில்லை. நடைமுறையில் பருத்தி விவசாயியைக் கட்டிப்போட்டது பேட்டன்ட் கூட இல்லை, ஹைபிரிட் விதை. எடுத்துப் போட்டால் மறுவருடம் ஒரே சீராக வராது. அதற்கு வக்கீல் தேவையில்லை.

கோயம்பேட்டில் வாங்கும் கத்தரிக்காய் மரபணு மாற்றியதா?
– வாசகி, நங்கநல்லூர்

சட்டப்படி இருக்கக்கூடாது. பிடி கத்தரியை 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்திவைத்தது. அது இன்னும் நீங்கவில்லை. பளபளவென்று இருக்கிறதே என்று சந்தேகப்பட்டால், அது வேறு சமாச்சாரம், தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள்.

ஆனால் அதே கடையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கினீர்களா? 2015-ல் கென்ட் பல்கலைக்கழகமும் பெருவிலுள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையமும் சேர்ந்து 291 சர்க்கரைவள்ளி ரகங்களைச் சோதித்தார்கள். 291-லும் அக்ரோபாக்டீரியத்தின் டிஎன்ஏ துண்டு இருந்தது. எந்த ஆய்வகமும் வைத்ததில்லை. எந்தக் காலத்திலோ, எந்தக் காட்டிலோ, காயம்பட்ட ஒரு கொடியில் அந்த பாக்டீரியா வந்து தன் வேலையைக் காட்டியிருக்கிறது. அதைத்தான் நாம் தை மாதத்தில் பானையில் வேகவைத்துச் சாப்பிடுகிறோம். இதைச் சொன்னதும் என் அக்கா கிழங்கைக் கீழே வைத்துவிட்டு, அரை நிமிடம் கழித்து மறுபடி எடுத்துக்கொண்டார்.

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து சின்ன கம்பெனி தொடங்குகிறோம். அக்ரோபாக்டீரியம் முறையை லைசென்ஸ் இல்லாமல் இப்போது பயன்படுத்தலாமா?
– வாசகர், வேளச்சேரி

தம்பி, அடிப்படை முறை என்றால் பெரும்பாலும் பயமில்லை. சிக்கல் அடிப்படையில் இல்லை, சில்லறையில் இருக்கிறது. ஒரு செடி உண்டாக்க, வண்டி ஒருவருடையது, மரபணுவை ஓடவிடும் ப்ரொமோட்டர் இன்னொருவருடையது, பிழைத்தவர் யார் என்று பொறுக்கும் அடையாள மரபணு மூன்றாமவருடையது, நீங்கள் வைக்கும் மரபணு நாலாமவருடையது. நெல்லுக்கு அக்ரோபாக்டீரியம் ஏறாது என்று வெகுநாள் நினைத்திருந்தார்கள். 1994-ல் ஜப்பான் டொபாக்கோ ஆட்கள் ஏற்றிக்காட்டி, அந்த முறைக்குத் தனியாகப் பேட்டன்ட் வாங்கினார்கள். வைட்டமின் ஏ சத்துக்காக மரபணு மாற்றிய தங்க அரிசியைத் தயாரித்தபின் கணக்கெடுத்தால் அதன்மேல் சுமார் 70 பேட்டன்ட் உட்கார்ந்திருந்தது. அவற்றில் பல, ஏழை நாடுகளில் அமலில் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொன்றையும் எந்த நாட்டில், எது வரை என்று பார்த்து ஒரு அட்டவணை போடுங்கள். நோட்டில் கோடு போட்டு எழுதினால் போதும், சாஃப்ட்வேர் வேண்டாம். ஏற்றுமதி செய்யப்போகிறீர்கள் என்றால் போகிற நாட்டுக்கும் ஒரு பத்தி.

இந்த வேலிகளால் எரிச்சல்பட்ட ஒருவர் ரிச்சர்ட் ஜெஃபர்சன். ஆய்வகத்தில் செடியை நீலமாக்கிக் காட்டும் ஜியுஎஸ் மரபணுவைக் கொண்டுவந்தவர். ஆஸ்திரேலியாவில் கேம்பியா என்ற லாபநோக்கில்லாத நிறுவனம் நடத்தியவர். அக்ரோபாக்டீரியத்துக்குத்தானே வேலி, வேறு பாக்டீரியாவுக்கு அதே வித்தையைக் கற்றுக்கொடுத்தால் என்ன என்று அவர் குழு யோசித்தது. வளைய டிஎன்ஏவை எடுத்து ரைசோபியம் வகை பாக்டீரியாக்களுக்குள் வைத்தார்கள். அவையும் புகையிலை, நெல், அராபிடாப்சிஸ் (ஆய்வகங்களில் வளர்க்கும் கடுகு இனச் சிறு செடி) மூன்றிலும் மரபணு ஏற்றின. 2005-ல் நேச்சர் இதழில் வெளியிட்டு, மென்பொருளில் ஓப்பன் சோர்ஸ் என்கிறார்களே, அந்த மாதிரி ஒரு லைசென்சில் கொடுத்தார்கள். வேகம் அக்ரோபாக்டீரியம் அளவுக்கு இல்லை. அதனால் பெரிய ஆய்வகங்கள் பழையதை விட்டு நகரவில்லை. ஆனால் வேலியைச் சுற்றி வழி உண்டு என்று காட்டிவிட்டார்கள்.

அவர்கள் பயன்படுத்திய பாக்டீரியாக்களில் ஒன்றின் பெயர் என்ஜிஆர்234. பப்புவா நியூ கினியில் ஒரு செடியின் வேர் முடிச்சிலிருந்து பிரித்து எடுத்தது. எந்தச் செடி தெரியுமா? மொச்சை. நகத்தால் கீறினால் இளஞ்சிவப்பு என்று மேலே சொன்னேனே, அதே முடிச்சு.

மடிப்பாக்கம் வாசகிக்கு: ரோஜாவைப் பிடுங்கினீர்களா இல்லையா என்று ஒரு கார்டு போடுங்கள். அந்தத் தொட்டியில் மண்ணை மாற்றிவிட்டு மொச்சை போடலாம்.